ஒருவர் போக ஒருவர் பிணை

1992 சித்திரை 21, செவ்வாய். அக்கராயன்.

வருடப் பிறப்புக்குப் பிறகு காற்று அசையவேயில்லை. தென்மேற்குச் சோழகக் காற்று தொடங்க இன்னும் சில வாரங்கள். காலையில் துவைத்துப் போட்ட சேலை மாலையிலும் ஈரம். மனிதருடைய நிலைமையும் அதுவே.

வேலைகள்: கிணற்றடி வாழைக்குத் தண்ணீர். பதுங்குகுழி வாசலில் புல் செருக்கியது. கோழி ஒன்று குறைகிறது. கீரியாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக் கந்தையாவின் நாயாகவும் இருக்கலாம்.

ரவியின் கடிதம், மாசியில் எழுதியது, இன்று வந்தது. இறந்துபோன என் தம்பியின் ஒரே மகன், ரொறன்ரோவில். என் தொய்வைப் பற்றி, இந்த மூச்சு இழுப்பைப் பற்றி, அவனுக்குத் தாய் எழுதியிருக்கிறார் போலும். தாய், அதாவது என் மச்சாள், இதே வீட்டில் எனக்கு எதிர்க் கதிரையில் இருக்கிறார். என்னிடம் ஒரு சொல் இல்லாமல் கனடாவுக்கு எழுதுகிறார். ரவியின் தீர்ப்பு: மாமி கோடையில் குளிரான, ஈரப்பதன் குறைந்த இடத்துக்கு மாற வேண்டும். பண்டாரவளையில் என் பழைய மாணவி யோகா வீட்டில் அறை கேட்டு வைத்திருக்கிறானாம்.

இலங்கையில் கோடை என்று தனியாக ஒரு பருவம் கிடையாது என்று அவனுக்கு ஒன்பதாம் வகுப்பில் நானே படிப்பித்தேன். பனிக்குள் போய் மறந்துவிட்டான். தென்மேற்குக் காற்று மலையின் அந்தப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் வறண்டு இறங்குவதால், ஆனி ஆடியில் இத்தீவில் மனிதர் வாழத் தக்க இடம் பண்டாரவளை என்று அதே வகுப்பில் சொன்னதும் நான்தான். அதை மட்டும் மறக்கவில்லை. இத்தனை வருடம் புவியியல் படிப்பித்ததில் ஒரு மாணவனுக்கு ஒரு பாடம் நினைவிருக்கிறது. அது என்னையே வீட்டை விட்டுக் கிளப்புகிறது.

மச்சாளுக்கு வாசித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“போங்கோவன்,” என்றார். அவ்வளவுதான். பிறகு கீரையில் பூச்சி அதிகம் என்று கதை மாறியது.


சித்திரை 24, வெள்ளி.

ஆசுபத்திரி. சைக்கிள் கரியரில் போய் வந்தது. கந்தையா மிதித்தார், வழி முழுக்க என் பாரத்தைப் பற்றி மறைமுகமாக மூச்சு வாங்கினார். மூச்சு வாங்க வேண்டியவள் நான்.

புதிய டொக்டர். முகத்தில் இன்னும் பரீட்சைக் களை. குழலை வைத்து முதுகை வெகுநேரம் கேட்டார். மருந்து இந்த மாதம் வரவில்லை, அடுத்த மாதமும் நிச்சயமில்லை. நான் நேராகவே கேட்டேன். அவரும் நேராகவே சொன்னார்.

“அம்மா, இந்தப் புழுக்கத்துக்குள்ளை, நெல்லுச் சூடடிக்கிற தூசிக்குள்ளை, வாற வருசம் இதே வாங்கிலை நீங்கள் வந்து இருப்பீங்கள் எண்டு நான் சொல்லமாட்டன்.”

“குளிர்ப் பக்கம் போனால்?”

“போனா இருப்பீங்கள். இஞ்சை இல்லை, அங்கை.”

அந்தப் பிள்ளையை எனக்குப் பிடித்துக்கொண்டது. கை பிடித்து ஆறுதல் சொல்லும் ரகமில்லை.

வந்து மச்சாளிடம் சொன்னேன். முழுவதும் சொன்னேன். “டொக்டர்மார் அப்பிடித்தான்,” என்றார். என் அடுப்பில் அவர் கஞ்சி வைத்திருந்தார். இந்த வீட்டில் ஒரு குசினி, இரண்டு அடுப்பு. நான் ஓய்வு பெற்று இங்கே வந்த முதல் மாதமே உப்பில் கருத்து வேறுபட்டுப் பிரிந்தது. தம்பி உயிரோடு இருந்த காலத்தில் இரண்டு அடுப்பிலும் சாப்பிட்டு இரண்டும் நல்லது என்பான். அதனால்தான் பருத்தான்.

கஞ்சியில் உப்புக் கூட. குடித்தேன்.


சித்திரை 29, புதன்.

கந்தையா பாஸ் விதிகளை விசாரித்து வந்து சொன்னார். சுருக்கம்:

1. தாண்டிக்குளம் தாண்டி, ஆமியின் பக்கமான வவுனியாவுக்குப் போக இயக்கத்தின் பாஸ் வேண்டும்.
2. போகிறவருக்குக் குடும்பத்தில் ஒருவர் பிணை நிற்க வேண்டும். போனவர் திரும்பி வரும்வரை பிணை நின்றவருக்குப் பாஸ் கிடையாது.
3. ஒரேயடியாகப் போவதானால் பிணை தேவையில்லை. வீட்டையும் காணியையும் விட்டுப் போக வேண்டும்.

மூன்றாவதை விட்டுவிடலாம். காணி மத்தியதர வகுப்பாருக்கென்று பிரித்த காலத்தில் தம்பி பெற்றது, இப்போது மச்சாளுடையது. அதைக் கொடுத்து நான் மூச்சு வாங்க முடியாது.

எஞ்சுவது இரண்டாவது. குடும்பம் என்றால் இந்த வீட்டில் இருவர். ஒருவர் போக ஒருவர் பிணை. கணக்கு என்றுகூடச் சொல்ல முடியாத கணக்கு.

கந்தையாவின் முன்னால் நான் சொல்லாதது: ரவி நான்கு வருடமாகத் தாயைக் கனடாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். இரண்டு பேரப்பிள்ளைகள், மச்சாள் படத்தில் மட்டும் கண்டது. பாஸ் மூன்று மாதத்துக்குத் தருவார்கள். மூன்று மாதத்தில் தொய்வு குணமாகிவிடும் என்று டொக்டர் சொல்லவில்லை. நான் போனால் திரும்பமாட்டேன். நான் திரும்பாவிட்டால் மச்சாள் வவுனியாவைக் காணமாட்டார், ரொறன்ரோ பிறகல்லவா.

மச்சாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தேங்காய் துருவினார். சிரட்டையும் சேர்ந்து வருமளவுக்குத் துருவினார்.

மண்ணெண்ணெய் முக்கால் போத்தல் மிச்சம்.


வைகாசி 3, ஞாயிறு.

புழுக்கம். தலைக்கு மேலே பொம்பர் விமானம் ஒன்று போனது, குண்டு எங்களுக்கு இல்லை.

முத்துலட்சுமி களை பிடுங்க வந்தாள். பண்டாரவளை இருக்கிற ஊவா மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். எழுபத்தேழு கலவரத்தில் துரத்தப்பட்டுக் குடும்பத்தோடு இங்கே வந்தவள். பண்டாரவளைக் குளிர் எப்படி என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“எங்கள வெரட்டுன அன்னைக்கு குளுரா சூடான்னு பாக்கலீங்க பெரியம்மா.” பிறகு அவளே சிரித்தாள். “நாங்க எறங்கி வந்தோம், நீங்க ஏறிப் போறீங்க. பஸ்ஸுல சீட்டு மாத்திக்கிற மாதிரி இருக்கு.”

அவளுக்கு அங்கே ஏதாவது பார்க்க வேண்டுமா, யாரையாவது விசாரிக்க வேண்டுமா என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாமாம். களை பிடுங்கி முடித்து, கூலியோடு இரண்டு மரவள்ளிக் கிழங்கும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். தெளிவான பெண்.

மச்சாளை நேருக்கு நேர் கேட்பதா, அவராகச் சொல்லும்வரை இருப்பதா. கேட்டால் “ஓம்” என்பார். மூத்த மச்சாளுக்கு மறுப்புச் சொல்லும் வளர்ப்பு அவருக்கில்லை. அந்த ஓமை வாங்கிக்கொண்டு நான் எப்படிப் போவது. கேட்காமல் இருந்தால் கந்தையா கேட்பார், அது இன்னும் கேவலம்.

போக விருப்பமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். சாக விருப்பமில்லை.


வைகாசி 9, சனி.

கந்தையா வைக்கோல் எரித்தார். புகை நேராக எங்கள் வளவுக்குள். பத்து மணியளவில் இழுப்புத் தொடங்கியது. இருக்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. மச்சாள் என்னை அலுமாரியோடு சாய்த்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு அறுபத்தாறு வயது, முழங்கால் வாதம். மத்தியானம் தாண்டியும் கையை எடுக்கவில்லை. இடையில் கந்தையாவின் பரம்பரை முழுவதையும் வைதார். அவ்வளவு சொற்கள் அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

மாலையில் இருவரும் விறாந்தையில். நான் பேசும் நிலையில் இல்லை. அவர்தான் தொடங்கினார்.

“நான் பிணை நிக்கிறன். நீங்கள் வெளிக்கிடுங்கோ.”

ரவி உம்மைக் கூப்பிடுகிறானே என்றேன், அல்லது சொல்ல முயன்றேன்.

“கூப்பிடட்டும். அங்கை போய் பெட்டி மாதிரி ஒரு வீட்டுக்குள்ளை இருந்து, பேரப்பிள்ளையள் பேசுற இங்கிலீசுக்குத் தலையாட்ட எனக்கு ஏலாது. வரமாட்டன் எண்டு எழுதினா அழுவான். பிணை நிண்டிட்டன், வரேலாது எண்டு எழுதினா ஒண்டும் சொல்லேலாது. உங்களுக்காக இல்லை, மச்சாள். எனக்கு ஒரு சாட்டு வேணும்.”

ஆக, இத்தனை நாளும் நான் இவரைத் தியாகியாக்கி மனத்துக்குள் அழுதுகொண்டிருக்க, இவர் என்னைச் சாட்டாக்கிக் கனடாவிலிருந்து தப்புகிறார். சிரிப்பு வந்தது, இருமலாக முடிந்தது.

பொய்யாகவும் இருக்கலாம். ஆராயவில்லை. ஆராய்ந்தால் போக முடியாது.


வைகாசி 14, வியாழன்.

கிளிநொச்சி, பாஸ் கந்தோர். இருவரும் தட்டிவானில். சனம் அதிகம், வாங்கில் இடமில்லை. ஒருவருக்குத் தாய் செத்த வீடு, ஒருவருக்குக் கண் சத்திரசிகிச்சை, ஒருவருக்குக் கலியாணம். எனக்குக் காலநிலை. காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

மேசையில் இருந்த பெண்ணுக்கு இருபது வயதுகூட இராது. மரியாதையான பிள்ளை. என்ன முறை என்று கேட்டாள். சொன்னோம். பேனையை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மச்சாளுக்கு மச்சாள் பிணை நிக்கிறதை இண்டைக்குத்தான் பாக்கிறன்.”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். மச்சாளும் சிரித்தார். பிறகு அந்தப் பெண் முகத்தை மாற்றிக்கொண்டு, நான் திரும்பும்வரை அவர் வெளியே போக முடியாது, எந்தக் காரணத்துக்கும் முடியாது, விளங்கினதோ என்றாள்.

“விளங்காமலோ பிள்ளை வந்து நிக்கிறன்,” என்றார் மச்சாள்.

கையெழுத்தை வைத்தார். கையெழுத்து வைக்கும்போது நாக்கு நுனியைக் கடித்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தம்பியைக் கலியாணம் முடித்த அன்று பதிவின்போதும் கடித்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

பாஸ்: மூன்று மாதம்.


வைகாசி 17, ஞாயிறு.

நாளை வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல். காலையிலிருந்து உழவு மெசின் பெட்டிகளில் சனம். முத்துலட்சுமியும் போகிறாள். மச்சாள் வருடந்தோறும் போகிறவர். இம்முறை என்னைத் தனியே விடமாட்டாராம். முத்துலட்சுமியிடம் கற்பூரம் கொடுத்துவிட்டார், “இவாவின்ரை மூச்சுக்கு” என்று. ஊரை எரித்துவிட்டு வந்த அம்மனிடம் குளிர் கேட்டு அனுப்புகிறார். சொன்னேன். வாயைக் கழுவச் சொன்னார்.

சோழகம் மெல்லத் தொடங்குகிறது. புழுதி.


வைகாசி 23, சனி.

கொண்டுபோவன: சேலை ஆறு. சால்வை (தம்பியுடையது, பூச்சி அரித்தது). கண்ணாடி. டொக்டரின் துண்டுச் சீட்டு. பனங்கட்டி, யோகாவுக்கு. பாஸ், அடையாள அட்டை.

விட்டுப்போவன: புத்தகங்கள் எல்லாம். அட்லஸ் மட்டும் எடுக்க நினைத்தேன். வரைபடம் கொண்டுபோனால் இரு பக்கமும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும் என்றார் கந்தையா. உண்மை. இந்த நாட்டில் புவியியல் ஆபத்தான பாடமாகிவிட்டது.

மச்சாளின் அறிவுரைகள்: வெந்நீரில் குளிக்கவும். யோகாவின் சமையலைக் குறை சொல்ல வேண்டாம். வழியில் யாரோடும் அரசியல் பேச வேண்டாம், ஆமியிடம் முக்கியமாக வேண்டாம், எங்கடை இயக்கப் பெடியளிடம் அதைவிட முக்கியமாக வேண்டாம்.

என்னுடைய அறிவுரை: பதுங்குகுழிக்குள் தண்ணீர் நின்றால் இறங்கும் முன் தடியால் தட்டவும், பாம்பு. இரவல் கேட்டால் கந்தையாவுக்கு மண்வெட்டி கொடுக்க வேண்டாம்.

வேறு ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. பேச என்ன இருக்கிறது. இருந்ததெல்லாம் உப்பைப் பற்றித்தான்.


வைகாசி 26, செவ்வாய். வவுனியா.

நான்கு மணிக்கு எழுந்தது. மச்சாள் படலைவரை வந்தார், வீதிக்கு வரவில்லை. போகிறேன் என்று சொல்லக் கூடாது என்பது நமது வழக்கம். “வாறன்” என்றேன். “ஓம், போட்டு வாங்கோ” என்றார். இரண்டு கிழவிகள், வழக்கத்தை மீறாமல், ஒருவருக்கொருவர் பொய்.

தட்டிவான், பிறகு மினிபஸ், பிறகு நடை. இரண்டு பக்கத்துக்கும் இடையிலுள்ள வெறும் வீதியில் மரம்கூட இல்லை, வெட்டிவிட்டார்கள். வெயில் நேராகத் தலையில். யாரோ ஒருவர் பெட்டியைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டார், பெயர்கூடச் சொல்லவில்லை. நூறு அடிக்கு ஒருமுறை நின்றேன். முதல் பக்கத்தில் ஏன் போகிறீர் என்று கேட்டார்கள். மறு பக்கத்தில் ஏன் வந்தீர் என்று கேட்டார்கள். இரு கேள்விக்கும் ஒரே விடை: மூச்சு. இரு பக்கமும் நம்பவில்லை.

இங்கே மின்விசிறி இருக்கிறது. சுடு காற்றைச் சுற்றி அனுப்புகிறது.


ஆனி 2, செவ்வாய். பண்டாரவளை.

பாடப்புத்தகம் சரி. முந்நூறு அடிக்கு ஒரு பரனைற் பாகை குறைய வேண்டும், குறைந்திருக்கிறது. வறண்ட காற்று, யூக்கலிப்டஸ் வாடை. முற்றத்தில் போட்ட சேலை ஒரு மணித்தியாலத்தில் காய்ந்தது.

யோகா தடித்துவிட்டாள். கணவர் இறந்து இரண்டு வருடம். வீட்டில் தொலைபேசி. “ரீச்சர் ரீச்சர்” என்று காலடியில் சுற்றுகிறாள்; வகுப்பில் கடைசி வாங்கில் இருந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தவள்.

நேற்றுப் பகல் முழுவதும் இழுப்பு இல்லை. இன்றும் இல்லை.


ஆனி 19, வெள்ளி.

இழுப்பு இல்லை. மேட்டுப் பாதையில் சந்திவரை நடந்து வந்தேன், நிற்காமல். கடைசியாக இப்படி நான் நடந்தது ஆறு வருடத்துக்கு முன்.

பசிக்கிறது. இரண்டு கம்பளி போர்த்துப் படுக்கிறேன். யோகாவின் சமையல் மோசம், உப்பே இல்லை. சொல்லவில்லை.

சுகமாக இருப்பதற்குச் செய்ய ஒன்றும் இல்லை. இங்கே எனக்குச் சண்டை பிடிக்க ஆளில்லை. யோகா எல்லாவற்றுக்கும் ஓம் என்கிறாள். சிங்களப் பத்திரிகையில் கிளிநொச்சியின் பெயர் வந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வாசித்து, எங்கோ தூர தேசத்துப் புயலைப் பற்றிச் சொல்வதுபோல விளக்கினார்.

மச்சாளுக்கு எழுதினேன். காலநிலை பற்றி ஒரு பக்கம். கிழித்துவிட்டு அரைப் பக்கம்.


ஆடி 12, ஞாயிறு.

ரவி தொலைபேசியில் கூப்பிட்டான். முதலில் அங்கே புழுக்கம் தாங்க முடியவில்லை என்றான். கனடாவில். கேட்க இனிமையாக இருந்தது. பிறகு:

“மாமி, நல்ல சேதி ஒண்டு. அம்மாவின்ரை அலுவல் சரிவந்திட்டுது. ஆவணிக் கடைசியிலை கொழும்பிலை நேர்முகம். அவாவை ஒருக்கா வெளியிலை எடுக்க வேணும்.”

உன் அம்மா வரமாட்டேன் என்றுதானே என்னிடம் சொன்னவர் என்றேன்.

“ஆர் சொன்னது? போன வருசமே ஓம் எண்டு எழுதிட்டா. பிள்ளையளின்ரை அளவு கேட்டு எழுதினவா, சட்டை தைக்கிறதுக்கு.”

உன் அம்மா எனக்குப் பிணை நிற்கிறார் என்றேன். அவனுக்குப் பிணை விவகாரம் தெரியாது, மச்சாள் எழுதவில்லை. “மாமி, பிணை எண்டா?” என்று கேட்டான். பாடம் நடத்துவதுபோல ஒன்று, இரண்டு, மூன்று என்று விளக்கினேன்.

“அப்ப நீங்கள் திரும்பிப் போனால்…” என்று தொடங்கி விட்டுவிட்டான். நல்ல வளர்ப்பு. முடிக்காததை இங்கே நான் முடித்து வைக்கிறேன். நான் போனால் மச்சாள் வெளியே வரலாம். அவருக்குப் பிணை நிற்க நான்தான் இருக்கிறேன். அவர் திரும்பப் போவதில்லை. ஆகவே நானும் இனி வெளியே வரப்போவதில்லை.

மூத்தவனுக்கு ஏழு வயதாம். அப்பம்மா எப்போது வருவா என்று கேட்கிறானாம், தமிழில்.


ஆடி 13, திங்கள்.

நல்ல காற்று. மூச்சு சீர். ஆத்திரம்.

சாட்டு வேண்டுமாம். பெட்டி மாதிரி வீடாம். எவ்வளவு சரளமாகச் சொன்னார். மாப்பிசைவதுபோல ஒரு பொய்யைப் பிசைந்து என் கையில் வைத்தார். நானும் சூடாக இருக்கும்போதே விழுங்கினேன். ஆராயவில்லை என்று எழுதிவைத்தேன், பெரிய விவேகம்போல.

போகாமல் இருக்கலாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள். டொக்டர் சொல்லமாட்டார், ரவி வாய் திறக்கமாட்டான். மச்சாள்கூடச் சொல்லமாட்டார். இத்தனை வருடம் என் குழம்பைக் குறை சொன்னவர் இதை மட்டும் சொல்லாமல் இருப்பார். அதுதான் பொறுக்க முடியாதது.

யோகாவிடம் வியாழக்கிழமை புறப்படுகிறேன் என்றேன். முதன்முறையாக ஓம் சொல்லவில்லை.

“ரீச்சர், உங்களுக்கென்ன விசரோ? அங்கை போனா எத்தினை நாளைக்கு இருப்பீங்கள்?”

அவளுக்கும் வாய் இருக்கிறது. இதை முதல் நாளே காட்டியிருந்தால் இங்கே பொழுது போயிருக்கும்.

மச்சாளிடம் நேரில் கேட்க வேண்டும், எந்த உரிமையில் என்னிடம் பொய் சொன்னீர் என்று. கடிதத்தில் கேட்கக்கூடிய விடயமில்லை.


ஆடி 15, புதன்.

கடை. வாங்கியவை: சவர்க்காரம் (சோதனைச் சாவடியில் எத்தனை விடுவார்களோ). தேயிலை. கம்பளி மேற்சட்டை ஒன்று, மச்சாளுக்கு. பச்சை நிறத்தில் ஒன்று வடிவாக இருந்தது. ஆமி உடுப்பின் நிறமென்று பச்சைத் துணி உள்ளே விடமாட்டார்கள். சாம்பல் நிறம் எடுத்தேன். கை நீளம் சற்று அதிகம், மடிக்கலாம்.

எந்த ஊருக்கு என்று கடைக்காரர் கேட்டார். அக்கராயன் என்றேன், கிளிநொச்சிப் பக்கம்.

“அங்க ரொம்பக் குளிருங்களா?”

இல்லை என்றேன். மேலும் விளக்கவில்லை. மனிதர் கவலையோடு பார்த்தார்.


ஆடி 18, சனி. வவுனியா.

பாதை பூட்டு. வியாழனிலிருந்து. அந்தப் பக்கம் சண்டை என்கிறார்கள், சண்டை இல்லை கண்ணிவெடி என்கிறார்கள், இரண்டும் இல்லை யாரோ பெரியவர் வருகிறார் என்கிறார்கள். எப்போது திறக்கும் என்றால் தோளைக் குலுக்குகிறார்கள்.

காத்திருப்பவர்களுக்கென்று ஒரு மண்டபம். நிலத்தில் பாய். தகரக் கூரை. எனக்குப் பக்கத்தில் முள்ளிவாய்க்கால் பெண் ஒருத்தி, மீன்காரரின் மனைவி. கொழும்பில் மகனைப் பிளேனுக்கு அனுப்பிவிட்டுத் திரும்புகிறாள். கணவன் பிணை. “நான் போகாட்டி அந்தாள் கடலுக்கும் போகாது, சமைக்கவும் மாட்டுது,” என்கிறாள். நான் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டாள். சொன்னேன்.

“குளிருக்குள்ளை இருந்து இதுக்குள்ளையோ வந்தனீங்கள்? எங்கடை ஊரிலை கடல்காத்தெண்டாலும் இருக்கு. இது சட்டிக்குள்ளை மூடி வச்ச மாதிரி.”

இழுப்பு மாலையில் திரும்பியது. எதிர்பார்த்ததுதான்.


ஆடி 22, புதன்.

பூட்டு. மலைக்குத் திரும்பிப் போகும் பஸ் காலையில் இருக்கிறது. முள்ளிவாய்க்கால் பெண் எனக்காக விசாரித்து வந்தாள், நான் கேட்காமலே. நன்றி சொன்னேன். ஏறவில்லை.

நேர்முகத்துக்கு இன்னும் ஒரு மாதம் சொச்சம். நான் உள்ளே போய், மச்சாளுக்குப் பாஸ் எடுத்து, அவர் வெளியே வர வேண்டும். ஒரு கிழமை பூட்டிக் கிடந்தால் சமாளிக்கலாம். ஒரு மாதம் என்றால் முடியாது. அதற்கு மேல் யோசிப்பதில் பயனில்லை.

இருமல். தகரக் கூரையில் காகங்கள் நடப்பதுகூடத் துப்பாக்கி சுடும் சத்தம்.


ஆடி 26, ஞாயிறு.

காற்று இல்லை. நாளைக்குத் திறக்கும் என்கிறார்கள். வியாழக்கிழமையும் அதையே சொன்னார்கள். முள்ளிவாய்க்கால் பெண் கஞ்சி வாங்கி வந்து தந்தாள். முதுகைத் தேய்க்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன், பிறகு சரி என்றேன்.

தலையை உயர்த்திப் படுத்தால்தான் மூச்சு வருகிறது. கம்பளிச் சட்டையை எட்டாக மடித்துத் தலைக்கு வைத்தேன். நல்ல உயரம். மச்சாளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.